விரத வீட்டுக்கு வந்த கச்சான்

எனக்குக் குரல் பெரிசு. போர்ட் கிள்ளானில் இருபத்தெட்டு வருசமாகக் கன்டெய்னர் லோரிகளை அனுப்பும் வேலை. டிரைவர்களிடம் மெதுவாகப் பேசினால் பினாங்குக்குப் போக வேண்டிய சரக்கு ஜொகூருக்குப் போய்விடும். அதனால் வீட்டிலும் அதே குரல்தான். நான் "தண்ணி கொண்டா" என்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று என் மனைவி ராஜினி சொல்வாள். கோபமும் அப்படித்தான். சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் நாய்க்குட்டி விஷயத்தில் நடந்த கோளாறு அத்தனைக்கும் இந்தக் கமலநாதன்தான், அதாவது நான்தான், காரணம் என்று எங்கள் குடும்பமே சொல்லிக்கொண்டு திரிகிறது. உண்மைதான், ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

போன வருசம் ஜூலையில் ராஜினிக்கு மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கல்யாணம் கட்டி இருபத்தாறு வருசம். ஒரு நாய்க்குட்டி கேட்டேன். வாங்கித் தந்தீங்களா?" என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அப்பா நாய் வளர்க்க விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் விடவில்லை. "வாங்கித் தரேன்" என்றேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி கார் பார்க்கில் தனியாக நின்று, ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடமும் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு வாக்கு. ரிப்போர்ட் நல்லபடியாகவே வந்தது.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சொல் காணாமல் போனது. ராஜினி யாழ்ப்பாணத்து வம்சம். வெளியே எங்களைப் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அம்மா வீட்டுத் தமிழ் வந்துவிடும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "வாற வருசம் பாப்பம்" என்பாள், அடுத்த வருசம் பார்க்கலாம் என்று. சோபா மாற்றுவது, மெல்பர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவது, எல்லாமே வாற வருசம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் அவளை அம்பாங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே மிஸஸ் லோ என்ற சீன அம்மாள் தன் வீட்டிலேயே டாய் பூடில் என்ற குட்டை நாய்களை வளர்த்து விற்கிறார். அவர் பேசியது பாதி மலாய், பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். துண்டை விரித்து ஒரு குட்டியைக் காட்டினார். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. பழுப்பு நிறம், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாய் என்றால் கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு வயிறு கலங்க வேண்டாமா? இதைத் திருடன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

"இதுக்குப் பேர் கச்சான்" என்றாள் ராஜினி. அவள் வீட்டில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வார்கள். பெயரே வைத்துவிட்டாள், இனி நான் என்ன பேசுவது.

"ஒன்பது வாரம் ஆனதும் தரலாம்" என்றார் மிஸஸ் லோ. "ஜனவரி கடைசி சனிக்கிழமை. அன்னிக்கு எடுத்தே ஆகணும். மறுநாள் நான் சீனப் பெருநாளுக்கு ஈப்போ போயிடுவேன், வீடு பூட்டியிருக்கும். நீங்க வரலன்னா அடுத்து ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார், அவருக்குக் கொடுத்துருவேன்."

"ஜனவரி கடைசின்னா தைப்பூசம் முடிஞ்சிருக்கும். ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன் நான். அதற்கு முந்தைய தைப்பூசம் ஜனவரியில் வந்தது, அதுதான் மனசில் இருந்தது. ராஜினி, "கலண்டரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் காவடிக் குழுத் தலைவர் தம்புசாமியைப் பார்க்கப் போனேன். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முப்பது தடவைக்கு மேல் காவடி எடுத்தவர். "நாளையிலேர்ந்து நாப்பத்தெட்டு நாள் விரதம். தைப்பூசம் பிப்ரவரி பதினொண்ணு" என்று தொடங்கினார். "வீட்டு அடுப்புல கவுச்சி வேகக்கூடாது. தரையில படுக்கணும். கோபப்படக்கூடாது."

என் மனசு முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிட்டது. பிப்ரவரி பதினொன்று என்றால் கச்சான் வரும் நாள் நட்டநடு விரதத்தில் வருகிறது. சட்டைப் பையில் மிஸஸ் லோ கொடுத்த தாள் இருந்தது. வேகவைத்த கோழி, மசித்த சோறு. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றவே கூடாது.

"தலைவரே, நாய்க்கு விரதம் உண்டா?" என்று கேட்டேன்.

"நாய் வைரவர் வாகனம்டா. அதுக்கு ஏது விரதம்? தாராளமா வரட்டும். ஆனா உன் வீட்டுல கோழி வேகக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மிஸஸ் லோவுக்குப் போன் போட்டு, தயிர் சாதம் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அங்கிள், உங்களுக்கு நாய் வேணுமா, ஐயர் வேணுமா?" என்றார். பிறகு, கிள்ளானில் ஒரு நாய்ச் சாமான் கடையில் நுழைந்து எல்லாப் பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். கோழி, ஆடு, சால்மன். "பாஸ், சைவத்துல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என் நெற்றி விபூதியையும் தலைவர் தோளில் போட்டுவிட்ட மஞ்சள் துண்டையும் பார்த்தார். பட்டாணி கலந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலும் பின்னால் பொடி எழுத்தில் கோழிக் கொழுப்பு என்று போட்டிருந்தது.

ராஜினியிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கலண்டரைப் பார்க்காத என் மூஞ்சியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் துணி மடித்துக்கொண்டே, "பரவாயில்ல, விடுங்கோ. முருகனுக்குச் சொன்னது முக்கியம். நாய் வேண்டாம்" என்றாள்.

"வேண்டாம்னா? அடுத்த வருசம் வாங்கிக்கலாம் லா."

"அடுத்த வருசத்தை ஆர் கண்டது?" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கோபப்படக்கூடாது என்று வேறு தம்புசாமி சொல்லியிருக்கிறார். அப்போதே முடிவு செய்தேன். காவடியும் எடுப்பேன், கச்சானும் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் அப்துல் காதர், சுமையா தம்பதி. சுமையா வீட்டிலேயே சமைத்துக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். தினமும் விடிய ஐந்து மணிக்கெல்லாம் பத்துக் கோழி அங்கே வேகும். வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் ஐந்து வேளை தொழும் பெண்ணிடம் போய், என் நாய்க்குக் கோழி அவித்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? முதல் நாள் அவள் வீட்டு வாசலுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள், உங்கள் வீட்டில் தண்ணி வருதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் அவளே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, மூணு நாளா வந்து வந்து போறீங்க. என்ன வேணும்?"

"கோழி அவிக்கணும்."

"விரதம்னு சொன்னீங்க?"

"எனக்கில்லம்மா. நாய்க்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி கார் பார்க்கையும் சொன்னேன். காவடி எடுப்பது எல்லாருக்கும் தெரியும், அங்கே தனியாக நின்று வேண்டியதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுமையா சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"நான் நாயைத் தொட மாட்டேன்ணே. ஆனா கோழியத்தான் தினமும் தொட்டுக்கிட்டு இருக்கேன், அதுல என்ன?" என்றாள். "ஐஸ்க்ரீம் டப்பாவில போட்டுச் சுவர் மேல வச்சிடுறேன். டப்பா மட்டும் திரும்பி என் வீட்டுக்கு வரக்கூடாது, அங்கேயே வச்சுக்குங்க. இன்னொண்ணு."

"சொல்லும்மா."

"நீங்க போன்ல பேசுறது எங்க டிவிய விட சத்தமா இருக்கு. அதக் கொஞ்சம் கொறைங்க."

கோழிப் பிரச்சினை தீர்ந்தது. ராஜினியிடம் சொன்னேன். அன்று மாலையே அவள் என்னைக் கேட்காமல் துணிக்கடைக்குப் போய்ப் பழுப்பு நாய்க்குப் பொருத்தமாக நீலத்தில் ஒரு மெத்தை வாங்கி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு பட்ட பாடு. மிஸஸ் லோவின் தாளில், "நாய்க்குட்டியின் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள்" என்று இருந்தது. ராஜினிக்கு முழங்கால் வலி. அதனால் நான் ஹாலில் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். சோபாவுக்கு அடியில் ஒரு பனடோல் மாத்திரை, நாலு ரப்பர் பேண்ட், ஒரு செத்த கரப்பான். டிவிக்குப் பின்னால் வயர்கள் குட்டியின் வாய்க்கு நேராகத் தொங்கின. கிரில் வழியாகப் பார்த்த சுமையா, "அண்ணே, இதுவும் விரதத்துல வருதா?" என்று கேட்டாள். ராஜினி சிரித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக நான் கிள்ளான் முழுக்க ஊர்ந்திருப்பேன்.

கேட்டுக் கம்பிகளுக்கு நடுவில் கச்சான் நுழைந்து வெளியே இருக்கும் லோங்காங் சாக்கடையில் விழுந்தால் தண்ணீரோடு போய்விடுவான். அதனால் கேட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் வலை கட்டினேன். சோபாவில் ஏறிக் குதித்தால் கால் எலும்பு முறியுமாம், தீக்குச்சி மாதிரி கால். சோபாவைச் சுவரோடு திருப்பிப் போட்டாயிற்று. ஹாலில் சாமி மேடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கம்பித் தடுப்பு, அதற்குள் மெத்தை. தடுப்புக்குப் பக்கத்தில்தான் என் விரதப் பாய்.

பெரிய வேலை என் குரல். "சின்ன நாய்க்குச் சின்ன இதயம். அங்கிள் கத்தினா பயந்தே சாப்பிடாது" என்று மிஸஸ் லோ சொல்லியிருந்தார். ராஜினி தினமும் எனக்குப் பயிற்சி வைத்தாள். காலியான மெத்தையைப் பார்த்து, "கச்சான், இங்க வா" என்று நான் சொல்ல வேண்டும். "அது நாயைக் கூப்பிடுறது இல்ல, லோரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்றது" என்பாள். வாயைச் சுருக்கி, மூச்சை அடக்கி, கண்ணில் தண்ணி வரும் வரைக்கும் பழகினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஸஸ் லோவின் தாளை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டேன். கடைசி வரி தேன். இவ்வளவு சின்ன நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடுமாம். நடுங்கினாலோ சோர்ந்தாலோ ஈறில் தேன் தடவி உடனே சாப்பாடு கொடுக்க வேண்டுமாம். தேன் என்ற வரியிலும் "இருக்கு" என்று டிக் போட்டேன். இருந்தது உண்மைதான். காவடியன்று அபிஷேகத்துக்குக் கொடுக்க வாங்கின தேன் போத்தல் சந்தனம், பன்னீரோடு சாமி மேடையில் சீல் உடைக்காமல் இருந்தது. அது யாருக்குச் சொன்ன தேன் என்பது டிக் போடும்போது என் புத்திக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை அம்பாங்கில் கச்சானை ராஜினியின் மடியில் வைத்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. காலையில் சாப்பிட்டாயிற்று, அடுத்த வேளை பன்னிரண்டு மணிக்கு என்றார் மிஸஸ் லோ. வழிக்கு வேண்டுமென்றால் என்று கொஞ்சம் கோழிச் சோற்றை ஒரு சின்ன டப்பாவில் நீட்டினார். நான் வாங்கவில்லை. காரின் டேஷ்போர்டில் வேல் இருக்கிறது, அதற்கு நேரே கோழியை வைத்துக்கொண்டு போவதா? "வேண்டாம், காருக்குள்ள வேல் இருக்கு, ஒரு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடுவோம்" என்றேன். ராஜினி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெருநாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் கிளம்பியிருந்தார்கள். ஃபெடரல் ஹைவே அப்படியே நின்றது. பன்னிரண்டு மணி காரிலேயே ஆனது. ஒரு மணியும் ஆனது. கச்சான் முதலில் முனகினான், பிறகு முனகலும் நின்றது. வீட்டுக்குள் நுழையும்போது ஒன்றரை தாண்டிவிட்டது. மெத்தையில் வைத்தோம். எழுந்து நிற்கப் பார்த்தான், பின்னங்கால் மடங்கியது. உடம்பு நடுங்கியது. தலை சாய்ந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு என்னமோ செய்யுது" என்றாள் ராஜினி. "தேன் எங்க? தேன் இருக்கெண்டுதானே சொன்னீங்கள்?"

நான் மேடையைப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் போத்தல் இருந்தது. நாற்பத்தெட்டு நாள், தாடி, பாய், காவடி, எல்லாம் ஒரு நொடி மனசில் வந்தது. அதற்குள் என் கை சீலை உடைத்துவிட்டது. விரலில் தேனை எடுத்துக் கச்சானின் உதட்டை விலக்கி ஈறில் தடவினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. "கச்சான், இங்க வா" என்றேன். அந்த ஒரு மாதப் பயிற்சிக் குரல் எங்கிருந்தோ சரியாக வந்தது. "இங்க வாடா. போயிடாத. அவ உனக்காக இருபத்தாறு வருசம் இருந்திருக்கா."

ராஜினி அதற்குள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் இருக்குமா? எனக்கு அது ஃபெடரல் ஹைவேயை விட நீளம். பிறகு என் விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது. நாக்கு. மெதுவாக ஒரு நக்கு, பிறகு இன்னொன்று.

"டாக்டர் சொல்றார், உடன சாப்பாடு குடுக்கட்டாம். பிறகு கொண்டந்து காட்டட்டாம்."

சுமையாவின் டப்பா சுவர் மேல் இருந்தது. கார் போர்ச்சில் வைத்துத்தான் ஊட்டுவது என்று நான் போட்டிருந்த சட்டம் எனக்கே மறந்துபோனது. டப்பாவை ஹாலுக்குள் கொண்டுவந்து, சாமி மேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, என் கையாலேயே கோழிச் சோற்றை மசித்து ஊட்டினேன். மூன்றாவது வாய்க்குக் கச்சான் என் விரலையும் சேர்த்துக் கடித்தான். அரிசி மணி அளவு பல், ஆனால் வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுமையா, "சாப்பிடுதாண்ணே?" என்று கேட்டாள். "கடிக்குதும்மா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள்.

மாலையில் டாக்டரிடம் காட்டினோம். பயமில்லை, இனி வேளை தப்பக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். தரையைக் கழுவிவிட்டு, ஈர வேட்டியோடு சாமி முன் நின்றேன். போத்தலில் பாதித் தேன் இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உனக்கு வேற போத்தல் வாங்கித் தரேன், முருகா" என்றேன். "ஆனா சீல் உடைச்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நீயா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்ப."

பின்னால் ராஜினி கச்சானைத் தடுப்புக்குள் படுக்கவைத்துவிட்டு, சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வர வேண்டிய திட்டு இப்போது வருகிறது என்று புரிந்தது.

"கோழி தந்த மனுசிட்ட வேண்டாம் எண்ட வாய் உது. காருக்க வேல் இருக்காம். அந்த வேலன் என்ன, பசிச்ச பிள்ளைக்குச் சோறு குடுக்காதே எண்டா சொன்னவர்?" என்றாள். "எல்லாம் கலண்டர் பாக்காததால வந்தது. வாற வருசம் எதைச் செய்யிறதெண்டாலும் முதல்ல இதைப் பாத்துட்டுச் செய்யுங்கோ."

பதிலுக்குப் பதில் பேச வாயைத் திறந்தேன். அந்தச் சொல் சட்டென்று காதில் ஏறியது.

"என்ன சொன்ன?"

"கலண்டரைப் பாக்கச் சொன்னன்."

"அதுக்கு முன்னாடி."

அவள் யோசித்தாள். சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது போலிருக்கிறது. நாள்காட்டியின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"வாற வருசம்" என்றாள்.

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, ரிப்போர்ட் வந்த அன்றும் அழவில்லை. ஆறு மாதத்து அழுகை மொத்தமும் சேர்ந்து வந்தது. என் அழுகையும் என் குரலைப் போலத்தான்.

ராஜினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள்.

"மெதுவா அழுங்கோ" என்றாள். "கச்சான் நித்திரை கொள்ளுறான்."